நித்திய ஆராதனையும் நம் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களும்

ஆராதனை என்றவுடன் ஞாயிற்றுக்கிழமையும் கோயில் மணியுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களின் பழைய வரலாற்றை நோக்குங்கால், அஃது ஏழு நாளும் நடந்த நித்திய கருமமாக இருந்தது விளங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதியில் ஒரே பாட்டன் வழிவந்தோருள் இரு சமயத்தாரும் உளராதலின், இவ்வரலாறு நமக்கு அயலாருடையதன்று.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்திலேயே, ஊர்தோறும் உபதேசியார் ஒருவரை வைத்துக் காலையும் மாலையும் ஜெபம் நடத்தும் வழக்கம் வேரூன்றிற்று. தெற்கே பனங்காட்டு ஊர்களில் ஆடவர் விடியுமுன் மரமேறப் போய்விடுவர். ஆகவே காலை ஜெபத்திற்குப் பெரும்பாலும் பெண்டிரே கூடினர். உழைப்பின் நேரத்துக்கு இயைய வழிபாட்டின் நேரம் அமைந்ததேயன்றி, வழிபாட்டிற்காக உழைப்பு நிறுத்தப்படவில்லை.

நம் வடபகுதி அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது; 1910-இல்தான் இராமநாதபுரம் ஜில்லாவோடு இணைந்தது. இங்கு 1854-இல் ராக்லாந்து ஐயர், பென், மெடோஸ் என்னும் இருவருடன் கூடாரமடித்து ஊரூராய்ச் சென்றார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெயர்பெற்ற அவர், கரிசல்காட்டு வெயிலில் நான்கே ஆண்டுகள் உழைத்து, 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் காலமானார். அவர் கண்ட பலன் சிறிதே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது: அவருடன் சுற்றிய உபதேசியார்களைத் தென்பகுதிச் சபையார் தங்கள் செலவிலேயே முறைவைத்து அனுப்பினர். பனையை நம்பிப் பிழைத்த ஏழைகள் அவர்கள். வந்தவர்கள் பிரசங்கத்தை மட்டுமா கொண்டுவந்திருப்பர்? தம் ஊரின் காலை மாலை ஒழுங்கையும் உடன் கொணர்ந்திருப்பர் என்பதே எம் கருத்து.

அவ்வொழுங்கு இவ்வூர்களுக்குப் புதுமையாகத் தோன்றியிராது. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி வைகறையில் எழுந்து பாடுதல் பல நூற்றாண்டு வழக்கம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகளும் நம் நாட்டு இராகங்களிலேயே அமைந்தவை.

பிடியரிசியும் அப்படியே. உலையிலிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் இட்டுச் சபைக்குக் கொடுத்தல் கிறிஸ்தவப் பெண்டிரின் வழக்கம். வாணிகத்தில் மகமை எடுத்தவர்கள் நாம். விருதுநகரில் பிடியரிசி கொண்டே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினோம். ஒரே கை, ஒரே அரிசி. போய்ச் சேர்ந்த இடம் மட்டும் வேறு. ஆடவர் எழுதிய சரித்திரங்கள் இக்கலயத்தை அதிகம் பேசுவதில்லை என்பது எமக்கு ஒரு குறையே.

1936-இல் ராஜபாளையத்தில் பஞ்சாலை ஏற்பட்டபின் நாளின் அளவு மாறிற்று. ஆலைச் சங்கு மூன்று வேளையும் ஊதும் ஊரில், மாலை ஜெபத்திற்கு எல்லோரும் ஒருங்கே கூடுதல் எங்ஙனம்? வழிபாடு கோயிலிலிருந்து வீட்டுக்குள் ஒதுங்கிற்று. இராமுறைக்குப் போகும் மகனுக்காகத் தாய் தனியே ஜெபிக்கும் நிலை வந்தது. கூடிப் பாடிய பாட்டும், முறைவைத்து விளக்கேற்றிய கதையும் முதியோர் நினைவில் மட்டுமே நிற்கின்றன.

பழைய ஜெபப் புத்தகங்களும் பிடியரிசிக் கணக்குகளும் உபதேசியார் நாட்குறிப்புகளும் வைத்திருக்கும் குடும்பத்தார், எச்சமயத்தாராயினும், அவற்றைப் பிரதி செய்து சங்கத்துக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். மூலத்தை அவரவர் வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.