12 இஞ்ச் ரிம்மும் ஒரு ஸ்டெப்னியும்

பக்கத்து பிளாட் தம்பி பழைய மாருதி 800 ஒண்ணு வாங்கியிருக்கான். மறுநாளே, "அண்ணா, 13 இஞ்ச் அலாய் போட்டா எப்படி இருக்கும்?"னு வந்து நின்னான். அல்வால்ல இருக்கிறவனுக்கு இந்த ஆசை வந்தா ஆபத்துதான். ராணிகஞ்ச் கூப்பிடு தூரத்துல இருக்கே! 2006-ல நானும் இதே காரியத்தைப் பண்ணினவன்தான்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழங்கதை. அப்பா காலத்து அம்பாசடருக்கு 15 இஞ்ச் சக்கரம், பத்மினிக்கு 14. 1983 டிசம்பர் 14 அன்னிக்கு இந்திரா காந்தி முதல் மாருதி 800-க்கு சாவி கொடுத்தப்போ, சக்கரம் 12 இஞ்சுக்கு இறங்கிடுச்சு. எங்க பெரியப்பா அதைப் பொம்மை வண்டின்னுதான் கடைசிவரைக்கும் சொன்னார்.

ஆனா சின்னச் சக்கரம் கஞ்சத்தனம் இல்லைங்க. 1959-ல இங்கிலாந்துல அலெக் இசிகோனிஸ் வடிவமைச்ச மினி கார் வந்தது. 10 அடி நீளத்துக்குள்ள நாலு பேர் உட்காரணும். சக்கரம் அடைக்கிற இடத்தைக் குறைச்சாத்தான் முடியும். 10 இஞ்ச் போட்டார்; டன்லப் அதுக்குன்னே டயர் செஞ்சு கொடுத்தது. நம்ம 800-ம் அந்த வழியில வந்த வண்டிதான். அப்புறம் 2005-ல ஸ்விஃப்ட் 14 இஞ்ச் சக்கரத்தோட வந்ததும், 12 இஞ்ச் திடீர்னு ஏழையாத் தெரிய ஆரம்பிச்சது. எனக்கும்தான்.

கணக்கைப் பாருங்க. 800-ஓட டயர் 145/70 ஆர்12. மொத்த விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். நான் மாட்டினது 155/70 ஆர்13, அது 547. கிட்டத்தட்ட 8 சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினா நிஜத்துல 65 பக்கம் போறோம். வண்டி 2 செ.மீ. உசந்துச்சு, நம்ம ஏரியா ஸ்பீட் பிரேக்கருக்கு அது சுகம்தான், மறுக்கலை. ஆனா பின்னாடி மாமியாரும் குழந்தைகளும் ஏறி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா, டயர் உள்ளே உரசும். ஏத்தத்துல இழுவையும் குறைஞ்சுது.

நான் மறந்தது ஸ்டெப்னியை. (வேல்ஸ்ல லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில 1904-ல பிறந்த உபரிச் சக்கரம் அது. தெருப் பேரே நம்ம வாயில நின்னுபோச்சு.) நாலு ரிம்தான் வாங்கினேன், அஞ்சாவது பழைய 12. ஒரு ராத்திரி லோதுகுண்டா கிட்ட பள்ளத்துல இறங்கி முன் ரிம் வளைஞ்சு காத்து போச்சு. பின் சீட்ல காய்ச்சலோட சின்னவன். முன்னாடி ஒரு பக்கம் 12, ஒரு பக்கம் 13... வண்டி ஒரு பக்கமா இழுக்க, ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசலை. அதுதான் பயமா இருந்தது.

2010 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்ததும் ஹைதராபாத்ல 800 விற்பனையே நின்னுபோச்சு, 2014-ல தயாரிப்பும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி கம்பெனி சொன்ன அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

எல்லாத்தையும் தம்பிகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப ஸ்டெப்னியும் சேர்த்து அஞ்சா வாங்கிடலாம்ண்ணா"ங்கிறான்.