104 அடிக்குக் கீழே



பெரியாறு அணை 120 அடி என்று செய்தியில் கேட்டால் அவ்வளவும் நமக்கென்று நினைக்கிறோம். 104 அடிக்கு மேல் நிற்கும் நீர்தான் சுரங்கம் வழியே மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும். ஆக, நம் கணக்கில் 16 அடிதான்!

1895இல் பென்னிகுவிக் மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பினார். இறங்கி வந்ததைப் பேரணையில் மறித்து வாய்க்காலில் விட்டார்கள். மிஞ்சியதைச் சமவெளியில் தேக்க, கண்மாய்களைத் தவிர இடமில்லை. 1959இல் 71 அடி வைகை அணை வந்தபிறகே பெரியாற்று நீரையும் வைகை வெள்ளத்தையும் சேர்த்துவைத்து, முறைவைத்துத் திறக்க முடிந்தது. மதுரையின் குடிநீருக்கும் அதுவே கைகொடுத்தது.

பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், நியாயம்தான். வைகை அணையைக் கட்டியவர்களை யார் கேட்டார்கள்? இப்போது வண்டல் படிந்து அதன் கொள்ளளவு குறைந்துவருகிறது. செய்தியில் சொல்லும் அடிக்கணக்கில் அது தெரியாது.