மணலும் நீராவியும்

மார்கழி விடியலில் இலுப்பெண்ணெய்ச் சாடியைத் திறந்தோர் எண்ணெய் உறைந்து கிடத்தலைக் கண்டிருப்பர். சற்றே சூடேற்ற அஃது உருகி ஓடும். நிலத்தடி மணலோடு இறுகிக் கிடக்கும் கீல்போன்ற எண்ணெயை வெளிக்கொணரும் முயற்சிகளுக்கெல்லாம் இவ்வுண்மையே அடிப்படை. கனடாவின் அதபாசுக்கா மணலிலுள்ள எண்ணெய் நிலத்தடிக் குளிரில் அசைவற்றது; 200 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கின் இலகுவாய் ஓடும்.

1959இல் வெனிசுவெலாவின் மேனே கிராண்டே வயலில், நீராவியைச் செலுத்தி எண்ணெயை அயற் கிணறுகளை நோக்கித் தள்ள முயன்றனர். அழுத்தந் தாங்காது மேல்நிலம் பிளந்தது. நீராவி வெளியே பீறிட்டது. அழுத்தத்தைத் தணிக்கவெனச் செலுத்திய கிணற்றையே திறந்துவிட, எவரும் எதிர்பாராவண்ணம் அதனூடாகவே எண்ணெய் பெருகி வந்தது. ஒரே கிணற்றில் நீராவியைச் செலுத்திப் பின் எண்ணெயைப் பெறும் முறை இவ்வாறு பிறந்தது. எம் மாணாக்கர் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு பெயரை வேண்டுவர். இதற்குப் பிளந்த நிலத்தின் பெயரைத்தான் கூறவேண்டும்.

வெப்பத்தால் மாறுவது எண்ணெய் மட்டுமன்று என்பதே இங்குக் கருதத்தக்கது. அதபாசுக்கா மணியுருக்கள் நெடுங்காலச் சுமையால் ஒன்றுள் ஒன்று பொருந்திப் பூட்டுண்டவை. நீராவி புகுங்கால் அவை விரியும்; இடையிலுள்ள பாய்பொருளின் அழுத்தமும் உயரும். அப்பொழுது மணிகள் ஒன்றன்மீதொன்று வழுக்கி ஏறுதலின் இடைவெளிகள் அகன்று எண்ணெய்க்கு வழி உண்டாகும். நிலமட்டமே சிறிது மேலெழும். இவ்வளவும் நன்மையே. மேல்மூடியாகிய களிப்பாறை தாங்கும் எல்லையை மீறின் நன்மை கேடாய் முடியும்.

றோஜர் பட்லர் வகுத்த இரட்டைக் கிடைக்கிணற்று முறை அவ்வெல்லைக்குள் நின்றே பயன்தருவது. ஆயினும் 2006 மே மாதம் அல்பேர்ட்டாவின் யொசிலின் பகுதியில் இம்முறை கையாளப்பட்ட இடத்தில், நீராவி மேல்மூடியைத் துளைத்துப் பாறைகளை வீசியெறிந்து பள்ளம் உண்டாக்கிற்று. மேனே கிராண்டே நிகழ்ச்சிக்கு 47 ஆண்டுகள் கழிந்திருந்தன. அங்கு அதிட்டம் துணைநின்றது, இங்கு நிற்கவில்லை.

இந்தியாவிற் குசராத்து மாநில மேசானாப் பகுதியின் பலோல், சந்தால் வயல்களில் வேறு வழி கொண்டனர். அவை எண்ணெய் மணலல்ல. தடித்த எண்ணெய் பொதிந்த மணற்கற் படைகள். ஏறக்குறைய 1000 மீற்றர் ஆழத்தில் உள்ளமையால், நீராவி இறங்குமுன்னரே வெப்பத்தில் ஒரு பங்கை இழக்கும். ஆதலின் காற்றைச் செலுத்தி எண்ணெயின் ஒரு பகுதிக்கு நிலத்தடியிலேயே தீமூட்டினர். பலோலில் 1990இற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இம்முறை 1997இல் இரு வயல்களிலும் விரிவடைந்தது. தீ தன் முன்னுள்ள எண்ணெயை இளக்கிக் கிணறுகளை நோக்கி ஓட்டும். அது கடந்த இடத்தில் எண்ணெய்ப் பசையற்று வெந்த மணலே எஞ்சும்.