செங்குத்தும் கிடைமட்டமும்: இட ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வடிவியல் உருவகம்

சுவர் செங்குத்தாக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். பூமியின் ஈர்ப்பு விடை சொல்லிவிடும், வாதத்துக்கு இடமில்லை. அரசுப் பணித் தேர்வு வழக்குகளில் இன்று அன்றாடம் அடிபடும் ‘செங்குத்து இட ஒதுக்கீடு’ என்ற தொடருக்கு அப்படியொரு குண்டு கிடையாது. எந்த ஒதுக்கீடு செங்குத்து, எது கிடைமட்டம் என்பது அதைப் பெறும் மக்களின் இயல்பிலிருந்து தானாக வருவதில்லை. அரசும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் எடுக்கும் முடிவு அது. அந்த முடிவை இயற்கையின் ஏற்பாடுபோல் காட்டிவிடுவதுதான் இந்த உருவகத்தின் சிக்கல்.

மண்டல் வழக்கு என்று நாம் அழைக்கும் இந்திரா சாஹ்னி வழக்கில் 1992 நவம்பர் 16 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. தமக்கும் மேலும் மூவருக்குமாக நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய பகுதியில்தான் இந்த இரு சொற்களும் நிலைபெற்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு அரசமைப்பின் 16(4) பிரிவின்கீழ் தரப்படுவது செங்குத்து. மாற்றுத்திறனாளிகளுக்கு 16(1) பிரிவின்கீழ் தரப்படுவது கிடைமட்டம். பின்னது முன்னதை ஊடறுத்துச் செல்லும். தேர்வான மாற்றுத்திறனாளி பட்டியல் சாதியினர் என்றால் அந்தப் பங்கிலேயே வைக்கப்படுவார். பொதுப் போட்டியைச் சேர்ந்தவர் என்றால் அங்கே. சாதிவாரியான விழுக்காடுகள் அப்படியே இருக்கும்.

கேட்க எளிது. கணக்கில் இறங்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது. 2007இல் ராஜேஷ்குமார் தாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணத்தை வைத்தே இதை விளக்க வேண்டியதாயிற்று. பட்டியல் சாதியினருக்கு 19 இடங்கள், அவற்றில் பெண்களுக்கு 4 என்று கொள்வோம். முதலில் ஆண், பெண் பாராமல் மதிப்பெண் வரிசையில் 19 பேரை எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் நான்கு பெண்கள் ஏற்கெனவே இருந்தால் வேலை முடிந்தது. ஐந்து பேர் இருந்தாலும் யாரையும் நீக்கக் கூடாது. இரண்டே பேர் இருந்தால், அடுத்த நிலையிலுள்ள இரண்டு பட்டியல் சாதிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பட்டியலின் அடியிலிருந்து இருவரை எடுத்துவிட வேண்டும். ஆக, கிடைமட்ட ஒதுக்கீடு என்பது குறைந்தபட்ச உறுதி. சொந்த மதிப்பெண்ணால் தேறிய பெண்ணும் அந்தக் கணக்கில் சேர்வார். செங்குத்து ஒதுக்கீட்டில் விதி நேர்மாறானது. பொதுப் போட்டியில் தேறிவிட்ட பிற்படுத்தப்பட்டவரைப் பிற்படுத்தப்பட்டோர் பங்கில் எழுதக் கூடாது.

இரண்டுக்கும் இடையேயுள்ள உண்மையான வேறுபாடு எண்ணும் முறையில்தான் இருக்கிறது. நிமிர்ந்த கோடா, படுத்த கோடா என்பதில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் நடந்ததே இதற்குச் சான்று. பெண்களுக்கான 30 விழுக்காட்டை முதலில் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதி 70 விழுக்காட்டில் ஆண்களோடு பெண்களையும் போட்டியிட வைக்கும் முறை அரசுப் பணித் தேர்வில் இருந்தது. பெயர் கிடைமட்டம், கணக்கு செங்குத்து. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது.

உருவகம் செய்த பெரிய கெடுதல் வேறு. பட்டியல் சாதி ஒரு தூண், பழங்குடி ஒரு தூண், பிற்படுத்தப்பட்டோர் ஒரு தூண் என்று படம் வரைந்தவுடன், எஞ்சிய இடத்தையும் தூணாகக் காணக் கண் பழகிவிடுகிறது. பொதுப் போட்டி என்பது ஒதுக்கீடு இல்லாதவர்களுக்கான ஒதுக்கீடு ஆகிவிடுகிறது. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் நடந்தது இதுதான். 276.5949 மதிப்பெண் பெற்ற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருவருக்கு வேலை இல்லை. பொதுப்பிரிவுப் பெண்களுக்கான இடங்களில் கடைசியாகத் தேர்வானவர் பெற்றதோ 274.8298. பொதுப்பிரிவில் பெண்களுக்குள்ள இடங்கள் ‘பொதுப்பிரிவுப் பெண்களுக்கே’ என்பது அரசின் வாதம். குறைந்த மதிப்பெண் உள்ளே, கூடுதல் மதிப்பெண் வெளியே. இந்த விபரீதத்தை ‘தகுதி’யின் பெயரால் யாரும் கண்டித்ததாக எனக்கு நினைவில்லை. 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அந்த வாதத்தைத் தள்ளினர். பொதுப்பிரிவு எல்லோருக்கும் திறந்தது என்றும், எந்தச் சாதியினருக்கும் உரிய பங்கு அல்ல என்றும் தீர்ப்பு தெளிவாக்கியது. 1992இல் வரைந்த படத்தைத் திருத்த 28 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம்: சாதி என்பது சமூகக் குழு, அதனால் அதற்கான ஒதுக்கீடு செங்குத்து, பெண், மாற்றுத்திறனாளி என்பவை எல்லாக் குழுக்களிலும் பரவிக் கிடப்பவை, அதனால் கிடைமட்டம், வகைப்பாடு இயல்பானதே. இந்த விளக்கம் 2019 வரை ஓரளவு தாக்குப்பிடித்தது. ஏழ்மையின் அடிப்படையில் ஒதுக்கீடு தந்த 103ஆம் அரசமைப்புத் திருத்தம் அதை உடைத்துவிட்டது. வறுமை எந்தச் சாதியில் இல்லை? ஊடறுத்துச் செல்லும் தன்மைக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 1992இன் தர்க்கப்படி பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 விழுக்காடு கிடைமட்டமாக இருந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி ஏழைக்கும் பழங்குடி ஏழைக்கும் அதில் இடம் இருந்திருக்கும். நாடாளுமன்றம் அதைத் தனித் தூணாக எழுப்பி, ஏற்கெனவே ஒதுக்கீடு பெறும் வகுப்பினரின் ஏழைகளை வெளியே நிறுத்தியது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இதை ஏற்றது. இந்த விலக்கலைத்தான் நீதிபதி ரவீந்திர பட் தம் மாறுபட்ட தீர்ப்பில் கடுமையாக எதிர்த்தார்; தலைமை நீதிபதி லலித் அவருடன் உடன்பட்டார். சௌரவ் யாதவ் அமர்விலும் இவ்விருவரும் இருந்தார்கள்.

திருநர் விஷயத்திலும் இதே தவறு நடந்தது. 2014இல் நல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அவர்களைச் சமூக, கல்வி நிலையில் பிற்பட்டோராகக் கருதி ஒதுக்கீடு தரச் சொன்னது. எந்த வகையில் என்பதைச் சொல்லவில்லை. தமிழ்நாடு 2015இல் அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்லெண்ணத்தில் பிறந்த ஆணை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாலினத்தை ஒரு சாதியாக எண்ணிய ஆணை அது. பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருந்த திருநங்கை தன் சாதிப் பங்கில்தான் போட்டியிட வேண்டியிருந்தது. திருநங்கை என்பதால் அவர் பட்ட இன்னல் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. கர்நாடகம் 2021இல் விதிகளைத் திருத்தி, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒரு விழுக்காடு என்று கிடைமட்டமாகவே தந்தது. ஊடறுக்கும் இன்னலுக்கு ஊடறுக்கும் தீர்வு அது.

இந்தச் சொற்களை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை, தீர்ப்புகளில் ஊறிவிட்டன. ஒவ்வொரு அறிவிக்கையிலும் ‘செங்குத்து’, ‘கிடைமட்டம்’ என்ற பெயர்களோடு, தன் மதிப்பெண்ணில் தேறியவர் எந்தக் கணக்கில் வருவார் என்ற ஒரு வரியையும் தேர்வாணையங்கள் அச்சிட வேண்டும். வழக்குகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரி இல்லாததால் வந்தவை என்பது என் மதிப்பீடு. திருநருக்கான ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, 2015 ஆணையின் நோக்கம் சரி, வடிவம் தவறு.