சாயப் பயிராக வந்த கள்ளி

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல நாஞ்சில் நாட்டின் வயற்பசுமை தேய்ந்து முட்புதர் நிலம் விரிகிறது. அங்கே சப்பாத்திக்கள்ளியைக் காணும் நாம், அதனைச் சங்கப் பாடல்களின் பாலைக்கு உரியதென்றே எண்ணிவிடுகிறோம். நம்மை மயக்குவது பெயர். பழந்தமிழர் அறிந்த கள்ளி பால் வடிப்பது. இதுவோ பாலற்றது, அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. ஒருகாலத்தில் இது தமிழகத்தில் பயிராக வளர்க்கப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிட்டோம்.

18ஆம் நூற்றாண்டில் உயர்ந்த செந்நிறச் சாயம் என்றால் அது கொச்சினீல்தான். கள்ளியை உண்டு வாழும் சிறு பூச்சியிலிருந்து எடுக்கப்பட்ட அச்சாயத்தின் வணிகம், மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அதை முறியடிக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொணர்ந்தார். ஆனால் வந்தது உயர்ந்த இனமன்று. மட்டமான சாயமே கிடைத்தது. வணிகம் நொடித்தது. கள்ளி மட்டும் மேய்ச்சல் நிலத்திலும் தரிசிலும் பரவியது.

சாயத்துக்காகக் கொணர்ந்த அதே பூச்சியை 1863 முதல் 1868 வரை தென்னிந்தியாவில் கள்ளியை அழிக்கவே பரப்பினர். பூச்சியைக் கொண்டு களையை ஒடுக்கிய உலகின் தொடக்க முயற்சிகளுள் இது ஒன்று. ஒருவகைக் கள்ளி ஒடுங்கியது. வேலிக்காக வளர்க்கப்பட்ட வேறு வகைகளை அப்பூச்சி தீண்டவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சியினம் வந்த பின்னரே, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 எக்டேர் நிலம் மீண்டது.

பயிர் என்றும் களை என்றும் நாம் பிரிப்பது செடியின் இயல்பை வைத்தன்று. நமக்குள்ள தேவையை வைத்தே. தேவை தீர்ந்ததும் நட்டவர் விலகிவிட, ஆடு மேய்ப்பவரும் சிறு உழவருமே முள்ளோடு மல்லுக்கு நின்றனர்.

இது பழங்கதை அன்று. மண்ணரிப்பைத் தடுக்கவும் தழைச்சத்தைச் சேர்க்கவும் ரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிராக விதைக்கப்பட்ட மியூகுனா பிராக்டியேட்டா என்னும் கொடி, மேற்கு மலைச்சரிவுகளில் தோட்ட எல்லையைத் தாண்டி மரங்களின்மேல் படர்கிறது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்த அக்கொடியை ரப்பர் விளையும் நம் மாவட்டமும் அறியும். புதிதாக ஒன்றை நடும்போது அதன் பயனைக் கணக்கிடுகிறோம். பயன் முடிந்தபின் அதனை அகற்றுவது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டாக வேண்டும்.