கரையின் பங்கு: வெள்ளம், வறட்சி, வெளியிலிருந்து வரும் உதவி

வைகை பெருக்கெடுத்து மதுரையை அச்சுறுத்திய கதையை அந்நகரம் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நிகழ்த்திப் பார்க்கிறது. புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நமக்குப் புதியதன்று. அரிமர்த்தன பாண்டியன் கரையை அளந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. ஆனால் அவளுக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சொக்கநாதரே கூலியாளாக வருகிறார். வேலை செய்யாமல் விளையாடுகிறார். அரசன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லா உயிர்கள்மேலும் படுகிறது.

பக்தியின் கதையாகவே நாம் இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பேரிடர்க் காலத்து நிர்வாகம் குறித்த ஒரு கூர்மையான பார்வையும் இதற்குள் இருக்கிறது. கரை அளக்கப்பட்டிருந்ததால்தான் எந்தப் பகுதி அடைபடாமல் கிடந்தது என்பது தெரிந்தது. எல்லோருக்கும் சமமாகப் பிரித்த பங்கு, ஆளில்லாத கிழவிக்கு மட்டும் சுமையாயிற்று. வெளியிலிருந்து வந்த கை நிரப்பியது அந்த ஓர் இடைவெளியை. அளப்பது யார், ஆளில்லாதவர் யார், வெளியிலிருந்து வருபவர் என்ன கூலிக்கு வருகிறார் என்னும் இம்மூன்று கேள்விகளோடு வரலாற்றுக்குள் செல்வோம்.

வைகைக்கு வெள்ளம் எப்போதாவதுதான். மணல் தெரியக் கிடப்பதே அதன் வழக்கம். ஆகவே கடல் கடந்த நிவாரணம் பெருமளவில் இந்தச் சமவெளிகளை எட்டியதும் வெள்ளத்தின் பொருட்டன்று, பஞ்சத்தின் பொருட்டு. 1876–78இல் தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. சிக்கனத்தையே கொள்கையாகக் கொண்ட வைஸ்ராய் லிட்டனின் அரசு, நாள் முழுவதும் கடும் உடலுழைப்புக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதுமென்று கணக்கிட்ட காலம் அது. தானியம் கப்பலேறுவதும் நிற்கவில்லை.

1877 ஆகஸ்டு 4 அன்று சென்னையில் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் தலைமையில் கூடிய கூட்டம் பிரிட்டிஷ் மக்களிடம் நேரடியாக உதவி கேட்டது. இலண்டன் மேயரின் மாளிகையை மையமாகக் கொண்டு ‘மான்ஷன் ஹவுஸ் நிதி’ திரண்டது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலிருந்தும் பணம் வந்தது. தம்மைக் கலக்காமல் விடுத்த இந்த வேண்டுகோளை லிட்டன் விரும்பவில்லை. அரசாங்கம் ஒன்று தன் மக்களுக்காக வெளியே கையேந்தலாமா என்னும் கூச்சம் அன்றே தொடங்கிவிட்டது.

அந்த நிதியின் சிறப்பு அதன் பங்கீட்டு முறையில் இருந்தது. உயிர் பிழைக்கச் சோறிடுவது அரசின் கடமை. அதில் நிதி தலையிடாது. அரசின் கை எட்டாத இடங்களே அதன் பொறுப்பு. அநாதைக் குழந்தைகள், வெளியே வந்து கேட்க இயலாத கோஷாப் பெண்கள், மழை பெய்தபின் உழ மாடும் விதைக்கத் தானியமும் இல்லாத குடியானவர்கள் ஆகியோரை அது தேடியது. இடிந்த குடிசையைத் திரும்பக் கட்டப் பணம் தந்தது. மாவட்டந்தோறும் அமைந்த உள்ளூர்க் குழுக்கள் பயனாளிகளை இனங்கண்டன. இதன் செயலாளராக இருந்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி, 1878இல் இரு தொகுதிகளில் அப்பஞ்சத்தின் வரலாற்றை எழுதி வைத்தார். வந்தியின் பங்கைத் தேடிச் சென்ற நிதி என்று இதைச் சொல்லலாம். ஆனால் காலந்தாழ்ந்து வந்தது. மாண்டவர்களுக்கு விதைநெல் எதற்கு?

பஞ்சத்தின் படிப்பினை இன்னொரு திசையிலும் வேலை செய்தது. மேற்கே ஓடும் பெரியாற்றைத் திருப்பி வைகையில் சேர்க்கும் பழைய யோசனை உயிர்பெற்றது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1895இல் பென்னிகுவிக் கட்டிய அணை திறப்பு. அன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கும் மதுரையும் மேலூரும் குடிப்பது மலைக்கு அப்பாலிருந்து வரும் நீர். ஆதலால் பெரியாற்றில் வெள்ளம் வந்தால் அது நமக்கு அயலாரின் செய்தியாகாது.

2018 ஆகஸ்டில் அந்த வெள்ளம் வந்தது. கேரளத்தில் 480க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 14 லட்சம் பேர் முகாம்களில் தங்கினர். மீனவர்கள் தம் படகுகளை லாரியிலேற்றிக் கொண்டுவந்து பல்லாயிரம் பேரை மீட்டனர். அளந்து பிரிக்க ஒருவரும் இல்லாதபோதும் தம் பங்கை அறிந்திருந்தவர்கள் அவர்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் அளித்தது. அரிசியும் உடையும் மலையேறின.

அப்போதுதான் பழைய கூச்சம் புதிய வடிவில் வெளிப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தர முன்வந்ததாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். தொகை எதுவும் முடிவாகவில்லை என்று அமீரகத் தூதர் விளக்கினார். இந்திய அரசோ, வெளிநாட்டு அரசுகளின் உதவியின்றி உள்நாட்டு முயற்சியாலேயே தேவைகள் நிறைவேற்றப்படும் என்றது. வெளிநாடுவாழ் இந்தியரும் அறக்கட்டளைகளும் தரலாம் என்றது. 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் 2004 பீகார் வெள்ளத்திலும் வெளியுதவி ஏற்ற நாடு, அதே 2004 டிசம்பரில் ஆழிப்பேரலைக்குப் பின் மன்மோகன் சிங் காலத்தில் நிலை மாறியது. நம்மால் சமாளிக்க முடியும் என்பதே புதிய நிலைப்பாடு. 2016இன் தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டமோ, நாமாகக் கேட்பதில்லை, நல்லெண்ணத்தோடு தானே முன்வரும் நாட்டின் உதவியை ஏற்கலாம் என்று கதவைச் சற்றே திறந்து வைத்திருந்தது. அந்தக் கதவும் 2018இல் திறக்கப்படவில்லை.

ஐக்கிய நாடுகள் அமைப்பு தலைமையேற்ற மதிப்பீட்டின்படி மீட்சிக்குத் தேவை ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய். 2019 ஜூனில் உலக வங்கி 25 கோடி டாலர் கடனுக்கு இசைவளித்தது. கொடையாக வந்தால் தன்மானக் குறைவு, கடனாக வந்தால் வளர்ச்சி என்று ஆயிற்று. 2025இல் மகாராஷ்டிர முதல்வர் நிவாரண நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை பெற அனுமதி கிடைத்தபோது கேரளத்திலிருந்து எழுந்த கசப்பு புரிந்துகொள்ளக் கூடியதே. விதி இருக்கிறது; அளவுகோல் ஒன்றாக இல்லை.

எனினும் தில்லியை மட்டும் குறை சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. அந்த ஆகஸ்டு 15 அன்று முல்லைப் பெரியாறு 142 அடியைத் தொட்டது. திடீரெனத் திறந்துவிட்ட நீரும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது; தமிழகம் மறுத்தது. மத்திய நீர் ஆணையத்தின் ஆய்வு மிதமிஞ்சிய மழையையே முதன்மைக் காரணமாகக் கண்டது. யார் சொல்வது சரி என்பதைக் காட்டிலும் நம்மை உறுத்துவது வேறொன்று. ஒரே ஆற்றின் இரு கரையார், எப்போது எவ்வளவு நீர் திறப்பது என்பதைப் பேசி முடிக்க இயலாமல் நீதிமன்றத்தில் நின்றனர். ஆகஸ்டு 31 வரை 139 அடி என்று நீதிபதிகள் குறிக்க வேண்டியிருந்தது. அரிசி மூட்டைகள் மலையேறுவதில் தடையில்லை. நீர்மட்டத்தின் கணக்கு எளிதில் மலையேறவில்லை.

2022இல் உச்ச நீதிமன்றம் அணையின் மேற்பார்வைக் குழுவுக்குக் கூடுதல் அதிகாரமளித்து, இரு மாநிலங்களிலிருந்தும் தலா ஒரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்த்தது. கரையை அளக்க இரு தரப்பினரும் ஒருங்கே அமரும் ஏற்பாடு அது. அடுத்த பெருமழையின் இரவில் அக்குழுவின் எண்கள் எவ்வளவு விரைவாக இருபுறமும் சென்று சேரும் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. மதுரையில் விழுந்த அந்தப் பிரம்படி மலைக்கு அப்பாலும் பட்டிருக்கும் என்றுதான் புராணம் கொள்கிறது. வாய்க்காலில் பெரியாற்று நீர் ஓடும் ஊர்க்காரர்கள் அதை உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.