குகை எழுத்துகள் தொடுத்த வினா

தரமணியிலுள்ள மென்பொருள் நிறுவனங்களில் வேலை தேடும் நம் மாணவர்களைத் தருக்க வினாக்களில் ஒரு வகை பெரிதும் வருத்துகிறது. ஒன்றோடொன்று பொருந்தாத இரு செய்திகளைத் தந்து, எது உண்மையாயின் இந்த வியப்பு நீங்கும் என்று கேட்பார்கள். செய்திகளுள் ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிடும் விடையையே பலரும் தேர்ந்துவிடுகின்றனர். இரண்டையும் மெய்யெனக் கொண்டு, அவை எவ்வாறு ஒருங்கே நிற்கக்கூடும் என்று காட்டுவதே சரியான விடையாகும். தமிழ் எழுத்தின் வரலாற்றிலும் இத்தகைய வினா ஒன்று உண்டு.

மதுரையைச் சூழ்ந்துள்ள மாங்குளம் முதலிய குன்றுகளில், சமண முனிவர் உறைந்த குகைத்தளங்களில் பிராமி எழுத்துப் பொறிப்புகள் காணப்படுகின்றன. அசோகரின் பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837இலேயே படித்துக் காட்டிவிட்டார். எழுத்து பிராமி, உறைந்தோர் சமணர். எனவே மொழி பிராகிருதமாகவே இருக்கும் என்று எதிர்பார்த்தது இயல்பே. ஆயினும் அவ்வாறு படித்தபோது சொற்கள் குழம்பின. பிராகிருதத்திற்கு இன்றியமையாத வர்க்க எழுத்துகள் மிக அரிதாகவே தென்பட்டன; அசோகர் கல்வெட்டுகளில் காணாத சில புது வடிவங்களும் கலந்திருந்தன.

செதுக்கியவர் எழுத்தறிவு குறைந்தவர் என்று சொல்லி அமைந்துவிடலாம். ஆனால் பிழை என்பது இடத்துக்கு இடம் மாறும். வெவ்வேறு குன்றுகளில், வெவ்வேறு கைகள் செதுக்கியவற்றில் ஒரே வகை எழுத்துகள் குறைவது பிழையாகாது, அது ஒழுங்காகும்.

1924இல் சென்னையில் கூடிய அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே.வி.சுப்பிரமணிய ஐயர் இவ்வொழுங்குக்கு விடை கூறினார். பொறிப்புகளின் மொழி தமிழ் என்றார். தமிழுக்கு வர்க்க எழுத்துகள் வேண்டுவதில்லை; புது வடிவங்களோ ழ, ள, ற, ன எனும் நம் எழுத்துகள். இல்லாதவை ஏன் இல்லை, இருப்பவை ஏன் இருக்கின்றன என்ற இரண்டுக்கும் அந்த ஒரே விடை பொருந்தியது.

எஞ்சிய முடிச்சு ஒன்றும் உண்டு. தொன்மையான குகைப் பொறிப்புகளின் முறைப்படி எழுதப்பெற்ற 'மகன்' என்னும் சொல்லை அசோகர் கால மரபுப்படி படித்தால் 'மாகான' என்றாகும். குறியில்லாத எழுத்தை மெய்யாகவும், பக்கக்கோடு பெற்றதை அகரமாகவோ ஆகாரமாகவோ இடம் நோக்கியும் கொண்டால் சொல் தெளிவாகிறது. இம்முறையும் அதன் பிற்கால மாற்றங்களும் ஐராவதம் மகாதேவனால் விரிவாக விளக்கப்பெற்றன. அவருடைய பெருநூல் 2003இல் வெளிவந்தது.

2018இல் மறைந்த அவ்வறிஞர், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007இல் தொடங்கப்பெற்ற சிந்துவெளி ஆய்வு மையத்திற்கு வழிகாட்டியாக இருந்தார். சிந்துவெளி வினா இன்னும் கடினமானது. பொறிப்புகள் மிகச் சிறியவை; இருமொழிப் பொறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. அது தமிழோடு உறவுடையதாக இருக்கவேண்டும் என்னும் ஆசை நமக்கும் இல்லாமலில்லை. ஆனால் 1924இன் விடை நிலைத்தது, அது தமிழுக்குப் பெருமை சேர்த்தமையால் அன்று. குறைந்த எழுத்துகளுக்கும் மிகுந்த எழுத்துகளுக்கும் ஒருசேரக் காரணம் காட்டியமையால். சிந்துவெளிக்கு நாம் விரும்பும் விடையையும் அவ்வாறே சோதித்த பிறகுதான் ஏற்கவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லுவோம்.